ஹோலோகாஸ்ட் கதைகளில் குடும்பமும் உயிர்பிழைத்தலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வாசிப்புக் குழுவில் ஹோலோகாஸ்ட் (நாஜிகள் நடத்திய யூத இனப்படுகொலை) பற்றிய நூல்களை எடுத்துக்கொண்டதிலிருந்து, புதிதாகச் சேர்பவர்கள் ஏறக்குறைய இதே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொல்வதைவிட ஓரிடத்தில் எழுதி வைப்பது நல்லது என்று தோன்றியது. கேள்விகளைக் கேட்டவர்களின் சொற்களிலேயே விட்டிருக்கிறேன்.

ஹிட்லர் யூதர்களைக் கொன்றார் என்று தெரியும். அதற்கு மேல் என்ன தெரிந்திருந்தால் இந்தக் கதைகள் புரியும்?

1933இல் ஜெர்மனியில் நாஜிகள் ஆட்சிக்கு வந்தார்கள். வேலை, குடியுரிமை, சொத்து என்று யூதர்களிடமிருந்து ஒவ்வொன்றாகப் பறித்தார்கள். 1941 முதல் ஒரு மக்களினத்தையே கொன்று முடிப்பது அரசின் வேலைத்திட்டமாயிற்று. 1945க்குள் ஏறத்தாழ 60 லட்சம் யூதர்கள் கொல்லப்பட்டார்கள். அவர்களில் சுமார் 15 லட்சம் பேர் குழந்தைகள். ஐரோப்பாவின் நாடோடி மரபினரான ரோமா மக்களும் பெரும் எண்ணிக்கையில் குடும்பம் குடும்பமாகக் கொல்லப்பட்டார்கள்.

எல்லாம் ஒரே மாதிரியான முகாமில் நடக்கவில்லை. கீவ் நகரின் பாபி யார் பள்ளத்தாக்கில் 1941 செப்டம்பர் 29, 30 ஆகிய இரண்டே நாட்களில் 33,771 பேரைச் சுட்டுக் கொன்றார்கள். போலந்தில் இருந்த ட்ரெப்ளிங்கா, கொல்வதற்கென்றே கட்டப்பட்ட முகாம். அங்கே ஏழு லட்சத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், உயிரோடு மீண்டவர்கள் நூறு பேர்கூட இல்லை. ஆஷ்விட்ஸில் விஷவாயு அறைகளும் இருந்தன, அடிமை உழைப்பு முகாம்களும் இருந்தன. உழைக்கத் தகுதியானவர் என்று ஒதுக்கப்பட்டவர்களில் சிலர் பிழைத்தார்கள், பின்னர் எழுதினார்கள். நாம் படிக்கும் கதைகளில் ஆஷ்விட்ஸ் திரும்பத் திரும்ப வருவதற்கு இது முக்கியமான காரணம்.

எதிலிருந்து தொடங்கலாம்?

ஆன் ஃபிராங்கின் நாட்குறிப்பு, எலி வீசலின் 'இரவு', பிரைமோ லெவி 1947இல் வெளியிட்ட முதல் நூல், ஆர்ட் ஸ்பீகல்மனின் சித்திர நாவலான 'மவுஸ்'. இந்த நான்கும் போதும். ஐந்தாவதாக ரூத் குளூகரின் தன்வரலாற்றைச் சேர்ப்பேன். அதிகம் பேசப்படாத நூல், எனக்கு மிகவும் பிடித்தது. வீசல், லெவி, குளூகர் மூவரும் ஆஷ்விட்ஸிலிருந்து மீண்டவர்கள்; 'மவுஸ்' ஸ்பீகல்மன் தன் பெற்றோரின் கதையைச் சொல்வது. கீழே வரும் பதில்கள் பெரும்பாலும் இவற்றையே சுற்றி வரும்.

ஏன் எல்லாக் கதையிலும் அம்மா, அப்பா, பிள்ளை என்றே வருகிறது? படிப்பவர்களை அழ வைப்பதற்காகவா?

அந்தக் கொலைத் திட்டமே குடும்பத்தைக் குறிவைத்ததுதான் காரணம். எதிர்க்கட்சிக்காரர் என்று ஒருவரைச் சிறையில் அடைத்தால் அவர் செய்த ஒரு காரியம் காரணமாகிறது. இங்கே பிறந்ததே குற்றம். பாட்டிக்கும் கைக்குழந்தைக்கும் ஒரே தீர்ப்பு. எனவே நடந்ததை உள்ளபடி எழுதினாலே அது குடும்பக் கதையாகிவிடும்.

லெவியின் நூலில் ஒரு பகுதி உண்டு. இத்தாலியில் ஃபோஸோலி என்ற இடத்தில் அடைத்து வைக்கப்பட்டிருந்த யூதர்களிடம், மறுநாள் ரயிலேற்றப் போவதாகச் சொல்லிவிடுகிறார்கள். 1944 பிப்ரவரி. அன்றிரவு ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகக் கழிக்கிறார்கள். தாய்மார்கள் மட்டும் பயணத்துக்குச் சாப்பாடு தயாரிக்கிறார்கள், பிள்ளைகளைக் குளிப்பாட்டுகிறார்கள், மூட்டை கட்டுகிறார்கள். விடியும்போது முள்வேலி முழுக்கக் குழந்தைகளின் துணிகள் காய்ந்துகொண்டிருக்கின்றன. லெவி அந்த இடத்தில் குரலை உயர்த்துவதே இல்லை. அழ வைக்க நினைப்பவர் எழுதும் முறை அதுவல்ல.

ஆஷ்விட்ஸில் இறங்கியதும் அம்மாவும் குழந்தையும் ஒரு பக்கம் போய்விடுகிறார்கள், பிறகு கதையிலேயே வருவதில்லை. ஏன்?

ரயில் மேடையில் 'தேர்வு' நடந்தது. உழைக்க உடம்பில் வலுவிருக்கிறது என்று தோன்றியவர்கள் ஒரு வரிசை. முதியவர்கள், நோயாளிகள், சிறுவர்கள் மறு வரிசை. குழந்தையோடு நின்ற தாய், இளமையும் வலுவும் இருந்தாலும், பெரும்பாலும் குழந்தையோடு சேர்த்தே அனுப்பப்பட்டாள். பிரித்தால் மேடையிலேயே கூச்சல் எழும், வேலை தாமதமாகும் என்பது அவர்கள் கணக்கு. அந்த இரண்டாவது வரிசை நேரே விஷவாயு அறைக்குப் போனது. 1944 மே நடுவிலிருந்து ஜூலை தொடக்கம் வரை ஹங்கேரியிலிருந்து மட்டும் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோரை இப்படி ஏற்றி அனுப்பினார்கள். அவர்களில் பெரும்பாலோர் வந்திறங்கிய அன்றே கொல்லப்பட்டார்கள்.

வீசலின் குடும்பம் அந்த ரயில்களில் ஒன்றில்தான் வந்தது. அம்மாவும் கடைக்குட்டித் தங்கை ட்ஸிபோராவும் ஒரு பக்கம் போனார்கள். சிறுவன் எலிக்குப் பதினைந்து வயது, அப்பாவுக்கு ஐம்பது. முன்பின் தெரியாத கைதி ஒருவர் அருகில் வந்து, பதினெட்டு என்று சொல், நாற்பது என்று சொல் எனப் படபடக்கிறார். குளூகருக்கு அப்போது பன்னிரண்டு வயது. உழைப்பு முகாமுக்கு ஆள் எடுக்கும் வரிசையில் ஒரு முறை நிராகரிக்கப்பட்டு, அம்மாவின் வற்புறுத்தலால் இரண்டாம் முறை நிற்கிறார். எழுத்தராக உட்கார்ந்திருந்த கைதிப் பெண் பதினைந்து என்று சொல்லச் சொல்கிறாள். தயங்கிய அதிகாரியிடம் இந்தப் பெண் நன்றாக உழைப்பாள் என்று எடுத்தும் சொல்கிறாள். அவள் யார், ஏன் உதவினாள் என்பது குளூகருக்குக் கடைசி வரை தெரியாது. அந்தப் பெண்ணைப் பற்றி அவர் எழுதியிருக்கும் பக்கங்களை நான் யாருக்கும் முதலில் காட்டுவேன்.

குடும்பப் பாசம்தானே அவர்களை உயிரோடு வைத்திருந்தது?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். ஆம் என்று சொல்ல எல்லோருக்குமே ஆசை. ஆனால் மேலே உள்ள பதிலை மறுபடி பாருங்கள். அந்த மேடையில் குழந்தையின் கையை விடாத தாய்தான் இறந்தாள். பாசம் குறைந்ததால் யாரும் சாகவில்லை, பாசம் மிகுந்ததால் யாரும் பிழைக்கவில்லை. இறந்துபோன 60 லட்சம் பேருக்கும் அவர்களை நேசித்தவர்கள் இருந்தார்கள்.

பிழைத்தவர்களின் கதையைக் கூர்ந்து படித்தால் தற்செயல்தான் மேலோங்கி நிற்கும். லெவி வேதியியல் படித்தவர் என்பதால் கடைசி மாதங்களில் ஆய்வுக்கூடத்தில் கூரைக்குக் கீழ் வேலை கிடைத்தது. லொரென்ஸோ என்ற இத்தாலியக் கொத்தனார், முகாம் கைதி அல்லாதவர், ஆறு மாதம் அவருக்கு ரொட்டியும் சூப்பும் ரகசியமாகக் கொண்டுவந்து கொடுத்தார். 1945 ஜனவரியில் ஆஷ்விட்ஸ் முகாமைக் காலி செய்து கைதிகளைப் பனியில் நடக்க வைத்தபோது, லெவி செங்காய்ச்சலோடு மருத்துவக் கொட்டகையில் கிடந்தார். அவருடைய உயிர் நண்பன் அல்பெர்டோ திடமாக இருந்தான், நடந்தான், திரும்பவில்லை. நோய் லெவியைக் காப்பாற்றியது.

இத்தனைக்குப் பிறகும் உறவுக்கு ஒரு பங்கு உண்டு. வீசல் அப்பாவுக்காகவும் அப்பா அவருக்காகவும் எழுந்து நின்ற நாட்கள் பல. இன்னொருவருக்காக எழ வேண்டியிருந்தது அந்த ஒரு நாளைக் கடக்க உதவியது. பிழைத்ததற்கு அதையே விளக்கமாகச் சொன்னால், பிழைக்காதவர்கள் மீது பழி விழுந்துவிடும். நான் எச்சரிக்க விரும்புவது அந்த ஒன்றைத்தான்.

'இரவு' நூலில் மகனே அப்பாவை விட்டு ஓடுகிறான், ரொட்டிக்காக அடிக்கிறான். இதையெல்லாம் எழுதத்தான் வேண்டுமா?

எழுதியாக வேண்டும் என்பதே என் எண்ணம். நீங்கள் சொல்லும் காட்சிகள் இரண்டு. பனியில் ஓட்டிச் செல்லப்பட்ட அந்த இரவில், மூன்று ஆண்டுகள் மகனோடு ஒன்றாகவே முகாம்களில் இருந்த ரபி (யூத மதகுரு) ஒருவர், மகனைத் தேடி அலைகிறார். அப்பா பின்தங்குவதைக் கண்டும் அந்த மகன் முன்னே போய்விட்டான் என்பது எலிக்கு நினைவுக்கு வருகிறது. மற்றது ரயிலில்: வீசியெறிந்த ரொட்டித் துண்டுக்காகத் தந்தையை மகன் தாக்குகிறான்.

வீசல் அவர்களைக் காட்டிவிட்டுத் தன்னை ஒதுக்கிக்கொள்ளவில்லை. 1945 ஜனவரி கடைசியில் புக்கன்வால்ட் முகாமில் அப்பா உயிர் பிரியும் நேரத்தில் பெயர் சொல்லி அழைக்கிறார். அடி விழும் பயத்தில் மகன் அசையவில்லை. காலையில் அந்தப் படுக்கையில் வேறொருவர். தன் மனதின் அடியில் ஒரு விடுதலை உணர்வு எழுந்ததையும் அவர் மறைக்கவில்லை. பதினாறு வயதில் பட்டினிக்கும் தடியடிக்கும் நடுவே நடந்ததை வாழ்நாள் முழுக்கச் சுமந்தவர் அவர். பாதிக்கப்பட்டவர்களையே ஒருவருக்கு எதிராக ஒருவரை நிறுத்தியதுதான் அந்த அமைப்பின் மிகப் பெரிய குற்றம் என்று லெவி 1986இல் எழுதிய கடைசிக் கட்டுரைத் தொகுப்பில் வாதிடுகிறார். அங்கே நின்றிராத நமக்குத் தீர்ப்புச் சொல்லும் உரிமை இல்லை என்பதிலும் அவர் உறுதியாக இருக்கிறார்.

'மவுஸ்' கதையில் ரிஷ்யூவுக்கு அவன் அம்மாவின் சகோதரியே விஷம் கொடுக்கிறாள். அது கொலை இல்லையா?

ரிஷ்யூ, நூலாசிரியர் பிறப்பதற்கு முன்பே இறந்துபோன அண்ணன். பாதுகாப்பாக இருப்பான் என்று நம்பித்தான் பெற்றோர் அவனை வேறு ஊர் கெட்டோவுக்கு (யூதர்களை அடைத்து வைத்த நகரப் பகுதி), அம்மாவின் சகோதரி டோஷாவிடம் அனுப்பினார்கள். 1943இல் அந்த கெட்டோவைக் காலி செய்ய நாஜிகள் வந்தார்கள். விஷவாயு அறைக்குப் போக மாட்டேன், பிள்ளைகளையும் விட மாட்டேன் என்று முடிவெடுத்து டோஷா தானும் விஷம் அருந்தி, தன் பொறுப்பில் இருந்த குழந்தைகளுக்கும் கொடுத்துவிட்டாள்.

லாரன்ஸ் லாங்கர் என்ற ஆய்வாளர் இத்தகைய நிலைகளைத் தேர்வே இல்லாத தேர்வுகள் என்று குறிப்பிட்டார். இரண்டு வழிகள் இருந்து, அவற்றில் ஒன்றாவது வாழ்வுக்குப் போனால்தான் நல்லது கெட்டது என்று பேச முடியும். போலந்தின் வூட்ஜ் நகர கெட்டோவில் 1942 செப்டம்பர் 4 அன்று, யூத நிர்வாகத் தலைவர் ரும்கோவ்ஸ்கி கூட்டத்தின் முன் நின்று, பத்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளை ஒப்படையுங்கள் என்று பெற்றோரிடமே கேட்டார். மற்றவர்களாவது மிஞ்சுவார்கள் என்பது அவர் கணக்கு. அந்தக் கணக்கும் பொய்த்தது. டோஷாவைக் கொலைகாரி என்றால், விஷத்தைக் கையில் எடுக்கும் நிலைக்கு அவளைத் தள்ளியவர்களுக்கு என்ன பெயர் வைப்பது?

ஆன் ஃபிராங்க் தன் அம்மாவை அவ்வளவு திட்டுகிறாளே. அவர் உண்மையிலேயே அன்பில்லாதவரா?

இல்லை. எடித் ஃபிராங்க் நம் வாசகர்களிடம் நியாயம் பெறாத ஒரு பெண்மணி. பதின்மூன்று வயதுச் சிறுமி, எட்டுப் பேர் அடைந்து கிடந்த மறைவிடத்தில், 1942 ஜூலை முதல் 1944 ஆகஸ்ட் வரை வெளியே தலைகாட்டாமல் வாழ்ந்தபோது எழுதியது அது. எந்த வீட்டிலும் அந்த வயதுப் பெண்ணுக்கும் அம்மாவுக்கும் மோதல் இருக்கும். இங்கே கதவைச் சாத்திக்கொண்டு போக வேறு இடமில்லை. 1944 தொடக்கத்தில் ஆன் தன் பழைய பக்கங்களைத் திருப்பிப் பார்த்து, இவ்வளவு கடுமையாக எழுதியிருக்கிறேனே என்று வருந்துகிறாள். 1947இல் நாட்குறிப்பு வெளிவந்தபோது அப்பா ஓட்டோ, மனைவியைப் பற்றிய கடுமையான பகுதிகள் சிலவற்றை நீக்கியே வெளியிட்டார்.

நாட்குறிப்பு சொல்லாத மீதியை உடனிருந்த கைதிகள் சொன்னார்கள். ஆஷ்விட்ஸின் ஒரு பகுதியான பிர்கனாவில் எடித்தும் இரு மகள்களும் பிரிக்க முடியாதபடி இருந்தார்கள். தன் ரொட்டியை மகள்களுக்காக எடுத்து வைத்தார் எடித். 1944 இலையுதிர் காலத்தில் மகள்கள் இருவரையும் பெர்கன்-பெல்சன் முகாமுக்குக் கொண்டுபோனார்கள். 1945 ஜனவரி 6 அன்று எடித் இறந்தார். சோவியத் படை ஆஷ்விட்ஸை அடைய மூன்று வாரம் இருந்தது. சகோதரிகள் இருவரும் அதற்குச் சில வாரங்கள் கழித்து, ஒருவர் பின் ஒருவராகக் காய்ச்சலில் மடிந்தார்கள். ஓட்டோ மட்டுமே மீண்டார்.

முகாமில் சம்பந்தமே இல்லாத பெண்கள் அக்கா தங்கை ஆகிவிடுகிறார்கள். கதைக்காகச் சேர்த்ததா?

உண்மைதான். குறிப்பாகப் பெண்களின் நினைவுக் குறிப்புகளில் 'முகாம் சகோதரிகள்' ஏராளம். ரொட்டியைக் காவல் காப்பது, கணக்கெடுப்பு வரிசையில் மயங்குபவளை இருபுறமும் தாங்கிப் பிடிப்பது போன்றவற்றை உறவின் பெயரால் செய்தார்கள். குளூகரின் அம்மா பெற்றோரில்லாத ஒரு சிறுமியைப் பார்த்ததும் இவளும் என் பெண் என்று சேர்த்துக்கொண்டார். அந்தப் பெண் கடைசி வரை குடும்பத்தில் ஒருத்தியாகவே இருந்தாள். இதே அம்மா, பிர்கனாவுக்கு வந்த முதல் இரவில், வா, மின்வேலியில் போய் விழுந்துவிடலாம் என்று மகளை அழைத்தவர். சந்தேகம், பிடிவாதம், மகளோடு தீராத சண்டை எல்லாம் உள்ள பெண். புனிதப்படுத்தாமல் ஒரு தாயை எழுதிக் காட்டியதால்தான் அந்த நூல் எனக்குப் பிடிக்கும்.

பிள்ளையைப் பிரிந்ததால் பிள்ளை பிழைத்தது என்று சில கதைகளில் வருகிறதே?

ஆம், பல குழந்தைகள் அப்படித்தான் பிழைத்தார்கள். 1938 டிசம்பர் முதல் போர் தொடங்கும் வரை சுமார் 10,000 குழந்தைகள் பெற்றோர் இல்லாமல் பிரிட்டனுக்கு அனுப்பப்பட்டார்கள். பலர் பெற்றோரை மறுபடி காணவில்லை. போலந்தின் பியோட்ர்கூவ் ரயில் நிலையத்தில் ஒரு தாய், ஆண்கள் பக்கம் போனால் பிழைக்கலாம் என்று ஒரு நொடியில் ஊகித்து, ஏழு வயது மகனை அண்ணனிடம் தள்ளிவிட்டார். அண்ணன் நஃப்தாலி அவனைச் சாக்குப்பையில் மறைத்துப் புக்கன்வால்டுக்குள் கொண்டுசென்றார். அந்தச் சிறுவன் இஸ்ரேல் மேயர் லாவ், பின்னாளில் இஸ்ரேலின் தலைமை ரபி. அம்மா திரும்பவில்லை.

மறைத்து வளர்க்கப்பட்டவர்களின் கதை வேறு விதமாக வலிக்கும். வரலாற்றாசிரியர் சவுல் ஃபிரீட்லாண்டர் பிராக் நகரில் பிறந்தவர். பெற்றோர் அவரைப் பிரான்சில் ஒரு கத்தோலிக்க விடுதிப் பள்ளியில் விட்டுவிட்டு ஸ்விட்சர்லாந்துக்குத் தப்ப முயன்றார்கள். எல்லையில் திருப்பி அனுப்பப்பட்டு ஆஷ்விட்ஸில் முடிந்தார்கள். மகன் வேறு பெயரில், வேறு மதத்தில், பாதிரியாராக விரும்பும் அளவுக்கு ஊறி வளர்ந்தார். பிரான்சில் நடந்த ஃபினாலி சகோதரர்கள் விவகாரம் இன்னும் சிக்கல்: வளர்த்த பெண்மணி, பெற்றோரை இழந்த அந்தச் சிறுவர்களை உறவினரிடம் தர மறுத்து, 1953இல் ஸ்பெயினுக்குக் கடத்தும் வரை போனது.

'லைஃப் இஸ் பியூட்டிஃபுல்' பார்த்து அழுதேன். அப்படி ஒரு குழந்தையை முகாமில் ஒளித்து வைக்க முடியுமா?

அந்தப் படத்தில் ஒரு தந்தை, முகாமில் நடப்பதெல்லாம் விளையாட்டு என்று மகனை நம்பவைத்து ஒளித்து வைக்கிறார்; அது போல முடியாது. அந்த வயதுக் குழந்தைகளுக்கு என்ன நேர்ந்தது என்பதை ரயில் மேடை பற்றிய பதிலில் சொல்லிவிட்டேன். லாவ் போன்ற சிலர் பிழைத்தது பெரியவர்கள் பலர் சேர்ந்து மறைத்ததால். அந்தக் குழந்தைகள் எதையும் விளையாட்டு என்று நம்பும் நிலையில் இல்லை. 1997இல் வந்த அந்தப் படம் தன்னைக் கட்டுக்கதை என்றே சொல்லிக்கொள்கிறது, ஒரு தந்தையின் ஆசையைக் காட்டுகிறது. அப்படி எடுத்துக்கொண்டு அழுவதில் தவறில்லை.

கோடுபோட்ட பைஜாமா அணிந்த சிறுவனின் கதையை நான் பரிந்துரைப்பதில்லை. 2006இல் ஜான் பாய்ன் எழுதியது, 2008இல் படமானது. ஆஷ்விட்ஸ் நினைவகமே 2020இல், இந்த வரலாற்றைப் படிப்பவர்களும் கற்பிப்பவர்களும் அந்த நூலைத் தவிர்க்க வேண்டும் என்றது. வேலியோரம் தினமும் உட்கார்ந்து பேசும் சிறுவர்கள் அங்கே இருந்திருக்க முடியாது. அதைவிட எனக்கு உறுத்துவது, முகாம் அதிகாரியின் மகன் இறப்பதுதான் கதையின் உச்சத் துயரமாக வருகிறது. யூதச் சிறுவனின் குடும்பத்தைப் பற்றி நாம் ஏறக்குறைய எதுவும் அறிவதில்லை.

நினைவுக் குறிப்பு என்று சொல்லிப் பொய்யாக எழுதியவர்களும் உண்டாமே?

உண்டு. 1995இல் பின்யமின் வில்கோமிர்ஸ்கி என்ற பெயரில் வந்த முகாம் சிறுவனின் கதை, ஸ்விட்சர்லாந்தில் வளர்ந்த ஒருவரின் கற்பனை என்று சில ஆண்டுகளில் அம்பலமானது. பெற்றோரைத் தேடி ஓநாய்களோடு ஐரோப்பாவைக் கடந்ததாக எழுதிய மிஷா டெஃபோன்ஸெகா, 2008இல் அது உண்மையல்ல என்று ஒப்புக்கொண்டார். வயதான சாட்சி ஒருவர் தேதியை மாற்றிச் சொல்வது வேறு, இல்லாத வாழ்க்கையை இருந்ததாகச் சொல்வது வேறு. முதலாவதை வைத்து யாராவது முழு வரலாற்றையும் மறுக்க வந்தால் விட்டுவிடாதீர்கள். ரயில் பட்டியல்களும் நாஜிகளின் சொந்தக் கோப்புகளும் இருக்கின்றன.

இத்தனை பேர் இருந்தும் ஏன் எதிர்த்துப் போராடவில்லை?

போராடினார்கள். அதற்கும் குடும்பத்துக்கும் உள்ள தொடர்பைப் பலர் கவனிப்பதில்லை. ஒருவர் தப்பினால் அவரைச் சேர்ந்தவர்களையும் கொன்றார்கள். வயதான பெற்றோரை விட்டுவிட்டுக் காட்டுக்கு ஓட எத்தனை பேருக்கு மனம் வரும்? போலந்தின் வார்சா கெட்டோவில் 1943 ஏப்ரல் 19 அன்று கிளர்ச்சி வெடித்தபோது துப்பாக்கி எடுத்தவர்களில் பெரும்பாலோர் இளைஞர்கள். முந்தைய கோடையிலேயே இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் ட்ரெப்ளிங்காவுக்கு அனுப்பப்பட்டு, அந்த இளைஞர்களில் பலரின் குடும்பங்கள் அழிந்திருந்தன.

விடுதலையோடு கதை முடிந்துவிடுகிறது. அதன் பிறகு அவர்கள் என்ன ஆனார்கள்?

நல்ல நூல்கள் அங்கே முடிவதில்லை. வீடு திரும்பியவர்கள் வீட்டில் வேறொருவர் குடியிருப்பதைக் கண்டார்கள். போலந்தின் கியெல்ட்ஸே நகரில் 1946 ஜூலை 4 அன்று, போர் முடிந்து ஓராண்டு கழித்து, நாற்பதுக்கும் மேற்பட்ட யூதர்களைக் கும்பல் கொன்றது. அகதி முகாம்களில் அறிவிப்புப் பலகைகள் முழுக்க உறவினரைத் தேடும் சீட்டுகள். அதே முகாம்களில் வாரந்தோறும் திருமணங்கள். பிறப்பு விகிதம் உலகிலேயே மிக உயர்ந்தவற்றில் ஒன்றாக இருந்தது. இறந்துபோன பாட்டியின், தம்பியின் பெயர்களைப் பிள்ளைகளுக்கு வைத்தார்கள்.

அந்தப் பிள்ளைகளின் பாரத்தை 'மவுஸ்' போலச் சொன்ன நூல் குறைவு. பெற்றோரின் படுக்கையறையில் ரிஷ்யூவின் புகைப்படம் மாட்டியிருக்கும்; அந்தப் படத்தோடு போட்டி போட்டு ஜெயிக்க முடியாத தம்பியாக வளர்கிறார் ஆர்ட். அம்மா ஆன்யா ஆஷ்விட்ஸிலிருந்து மீண்டவர், 1968இல் தற்கொலை செய்துகொண்டார். அவர் எழுதி வைத்த குறிப்பேடுகளை அப்பா விளாடெக் எரித்துவிட்டார். மகனின் கோபம், அப்பாவின் கஞ்சத்தனம், ஓயாத வாக்குவாதம் எல்லாம் அந்த நூலில் உண்டு. பிழைத்து வந்தவர் என்பதால் ஒருவரோடு வாழ்வது எளிதாகிவிடாது என்பதை அவ்வளவு நேராகச் சொல்ல மகனால்தான் முடிந்திருக்கிறது.

பிழைத்தவர்கள்தான் எழுதினார்கள் என்றால், பிழைக்காத குடும்பங்களின் கதையை எங்கே படிப்பது?

அன்றன்று எழுதிய குறிப்புகளில். வார்சா கெட்டோவில் வரலாற்றாசிரியர் இம்மானுவேல் ரிங்கெல்ப்ளும் ஒரு ரகசியக் குழு அமைத்து நாட்குறிப்பு, கடிதம், ரேஷன் சீட்டு, பள்ளிப் பிள்ளைகளின் கட்டுரை என்று எல்லாவற்றையும் சேர்த்து, தகரப் பெட்டிகளிலும் பால் கேன்களிலும் அடைத்துப் புதைத்தார். 1946இலும் 1950இலும் இரு பகுதிகளைத் தோண்டி எடுத்தார்கள். அவரையும் மனைவியையும் மகன் ஊரியையும் 1944 மார்ச்சில் மறைவிடத்தில் பிடித்துக் கொன்றுவிட்டார்கள்.

தனி ஒரு வீட்டைப் பார்க்க வேண்டுமென்றால் வூட்ஜ் கெட்டோவில் தாவித் ஷெராகோவியாக் என்ற மாணவன் எழுதிய நாட்குறிப்பைப் படியுங்கள். அப்பா பிள்ளைகளின் ரொட்டியிலும் கைவைக்கிறார், மகன் அவரை வெறுக்கிறான். ரும்கோவ்ஸ்கியின் அந்தப் பேச்சுக்கு மறுநாள் அம்மாவைப் பிடித்துச் செல்கிறார்கள். 1943இல் பத்தொன்பது வயதில் தாவித் இறந்தான். பின்னால் என்ன நடக்கும் என்று அறியாமல் எழுதியவன் என்பதால், நினைவுக் குறிப்புகளில் காணாத பசியின் சில்லறைக் கோபங்கள் அதில் அப்படியே இருக்கின்றன. வீசலைப் படித்த கையோடு இதையும் படித்தால், தந்தை மகன் உறவைப் பற்றி மேலே நான் சொன்னதெல்லாம் இன்னும் தெளிவாகும்.